ஆய்வு மாடலில் எதைத் தேடுவது? (மூன்றாம் ஆண்டு, சரிவு நிலத்தில் ஒரு நூலகம்)

சரிவுநிலம் | ஞாயிறு, இரவு 10.15

அனைவருக்கும் வணக்கம். கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் சரிவான நிலத்தில் சிறிய பொது நூலகம் ஒன்றை வடிவமைக்க வேண்டும். மேல் சாலையிலிருந்து கீழ் எல்லை வரை நிலம் ஆறு மீட்டர் இறங்குகிறது. நடுவில் இரண்டு பெரிய மரங்கள் நிற்கின்றன. அவற்றை வெட்டக் கூடாது.

நேற்று முதல் மதிப்பாய்வு. நான்கு இரவுகள் கண்விழித்து 1:100 அளவில் ஒரு மாடல் செய்து எடுத்துப்போனேன். வெள்ளை மவுண்ட் போர்டு (தடித்த அட்டை), சாளரங்களுக்கு ஒளி ஊடுருவும் அசிட்டேட் தாள், படிக்கட்டுக்குக் கைப்பிடி வரை வைத்திருந்தேன். ஆசிரியர் அதை ஒரு முறை சுற்றி வந்தார். "நன்றாகச் செய்திருக்கிறாய். இதைச் செய்ததால் உனக்குப் புதிதாக என்ன தெரிந்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. "தளப்படத்தில் இருந்ததைத்தான் அட்டையில் வெட்டியிருக்கிறாய். நீ எதையும் தேடவில்லையே. அடுத்த வாரம் இருபது ஆய்வு மாடல்களோடு வா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

ஒன்றுக்கே நான்கு இரவு ஆனது. இருபது எப்படி முடியும்? ஒரே கட்டடத்தை இருபது விதமாக மாற்ற வேண்டுமா, இருபது வேறு கட்டடங்களா? எந்த அளவில்? மனம் வலித்துத்தான் இன்னொன்றும் கேட்கிறேன். செய்து வைத்த மாடலை என்ன செய்வது? குப்பையில் போடக் கை வரவில்லை.

எஃகு அளவுகோல் | திங்கள், காலை 6.40

உங்கள் ஆசிரியர் சொன்ன எண்ணிக்கையிலேயே செய்முறையும் அடங்கியிருக்கிறது. ஒரு வாரத்தில் இருபது என்றால் ஒன்றுக்கு அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி. அந்த நேரத்துக்குள் கைப்பிடி செய்ய வழியில்லை. யாரும் கைப்பிடி செய்யக் கூடாது என்பதற்காகத்தான் நானும் என் வகுப்பில் இப்படிப் பெரிய எண்ணாகச் சொல்கிறேன். இருபத்தாறு ஆண்டுகளாக வடிவமைப்புப் பாடம் எடுக்கிறேன். நான்கு இரவு மாடலோடு கண் சிவந்து வந்து நிற்கும் மாணவரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்த உழைப்பு உண்மையானது. அது போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு.

வெட்டத் தொடங்கும் முன் ஒரு கேள்வியை எழுதுங்கள். மனத்தில் வைத்துக்கொண்டால் போதாது. அடித்தட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டும். "நல்ல நூலகம் எது?" என்பது மாடலால் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. "வாசிப்புக் கூடம் மரங்களுக்கு மேல்பக்கமா, இடையிலா, கீழ்பக்கமா?" என்பது மூன்று மாடல்களுக்கான கேள்வி. மூன்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் போதும். "சுவர்கள் சரிவின் குறுக்கே ஓட வேண்டுமா, சரிவோடு இறங்க வேண்டுமா?" என்பது இன்னும் இரண்டு. "மேல் சாலையிலிருந்து நுழைந்தால் கீழே இறங்கிப் படிக்க வேண்டும், கீழிருந்து நுழைந்தால் ஏறிப் படிக்க வேண்டும், எது வேண்டும்?" இன்னும் இரண்டு. கேள்விகள் சரியாக இருந்தால் எண்ணிக்கை தானாக வந்து சேரும்.

நிலத்தை மட்டும் ஒரே ஒரு முறை ஒழுங்காகச் செய்துகொள்ளுங்கள். 1:200 அளவில் 5 மி.மீ. நெளி அட்டை ஒன்று ஒரு மீட்டர் உயரம். ஆறு மீட்டர் சரிவுக்கு ஆறு அடுக்கு. சமவுயரக் கோடுகளின்படி வெட்டி அடுக்குங்கள். மரங்களுக்கு இரண்டு முறுக்கிய கம்பிகள். கட்டடம் வரக்கூடிய நடுப்பகுதியை மட்டும் தனித் துண்டாகக் கழற்றி மாட்டும்படி விடுங்கள். அதன் பிறகு இருபது மாடல் என்பது இருபது சின்னஞ்சிறு துண்டுகள்தான், நிலம் ஒன்றே. இதைச் செய்யாதவர்கள்தான் ஒவ்வொரு முறையும் நிலத்தைப் புதிதாக வெட்டிக் களைத்துப்போகிறார்கள்.

பசையைத் தொடாதீர்கள். குண்டூசியும் மாஸ்கிங் டேப்பும் போதும். ஒட்டிவிட்டதைப் பிரிக்கக் கை தயங்கும். குத்தி வைத்ததை எந்தத் தயக்கமும் இல்லாமல் பிடுங்கலாம்.

வண்ணமும் வேண்டாம், சாளரமும் வேண்டாம். இது என் பிடிவாதம் மட்டும் அல்ல. 15ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இத்தாலியக் கட்டடக் கலைஞர் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி தன் கட்டடக்கலை நூலில் இதைத்தான் வற்புறுத்தினார். வண்ணம் பூசி அலங்கரித்த மாடல் பார்ப்பவரின் கண்ணைப் பிடித்துக்கொண்டு, ஆராய வேண்டிய உறுப்புகளிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. மாடலில் தெரிய வேண்டியது செய்தவரின் கைத்திறன் அல்ல, அவருடைய எண்ணம் என்றார். உங்கள் ஆசிரியர் மதிப்பாய்வில் சொன்னதும் அதுதான்.

பசைவிரல் | திங்கள், காலை 9.05

ஐயா சொன்ன குண்டூசி யோசனையை நான் இரண்டாம் ஆண்டிலேயே கேட்டிருந்தால் ஓர் இரவு மிஞ்சியிருக்கும். மதிப்பாய்வுக்கு முந்தைய இரவு, ஃபோம் துண்டுகளை வேகமாக ஒட்ட வேண்டும் என்று கரைப்பான் கலந்த ரப்பர் பசையைத் தடவினேன். பத்து நிமிடத்தில் உள்ளே இருந்த ஃபோம் கரைந்து குழியாகிவிட்டது. ஃபோம் போர்டிலும் இதே கதைதான். மேலே இருக்கும் தாள் அப்படியே நிற்கும், நடுவில் இருக்கும் பாலிஸ்டைரீன் காணாமல் போகும். அதைக் கரைக்கும் பசையும் உண்டு, தெளிக்கும் பெயின்ட்டும் உண்டு. எதையும் முதலில் கழிவுத் துண்டில் தடவிப் பாருங்கள். ஃபோமுக்கு வெள்ளைப் பசை பாதுகாப்பானது, ஆனால் இரண்டு ஃபோம் பரப்புகளுக்கு இடையில் காற்று புகாததால் காய நேரமாகும். அவசரத்துக்கு இருபக்க டேப், அல்லது பல்குச்சி.

வேறு சில, சுருக்கமாக. சூடான கம்பியால் ஃபோம் வெட்டும்போது சாளரத்தைத் திறந்து வையுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. லேசர் எந்திரத்தில் பிவிசி தாளை ஒருபோதும் வைக்காதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும், எந்திரமும் கெடும், நுரையீரலும் கெடும். கத்தி அலகை அடிக்கடி மாற்றுங்கள். கையைக் கிழிப்பது பெரும்பாலும் மழுங்கிய அலகுதான், ஏனென்றால் அப்போதுதான் நாம் அழுத்துகிறோம். தடித்த அட்டையை ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல் நான்கைந்து முறை மெதுவாக இழுங்கள்.

திரைவழி | திங்கள், மதியம் 1.30

மேலே சொன்னவற்றை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் மூன்று மாடல் என்கிறீர்கள். மென்பொருளில் அதே நேரத்தில் முப்பது செய்யலாம். எந்த மாதத்தின் எந்த மணிக்கும் வெயில் எங்கே விழும் என்று அது காட்டும். தளத்தின் பரப்பளவு எவ்வளவு, எவ்வளவு மண் வெட்ட வேண்டும், எவ்வளவு நிரப்ப வேண்டும் என்று உடனே கணக்குத் தரும். அட்டையில் இவை எதுவும் வராது. மாணவர்களின் நேரத்தையும் தூக்கத்தையும் அட்டைக்குக் கொடுக்கச் சொல்வது பழக்கத்தின் மேல் உள்ள பற்றாக இருக்கலாமோ என்று எனக்கு உண்மையாகவே ஐயம். நான் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கடைசியாகக் கத்தியை எடுத்து நான்கு ஆண்டுகள் இருக்கும்.

வடக்கு வெளிச்சம் | திங்கள், மாலை 4.50

திரைவழி, மண் கணக்கில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. நானும் அதற்கு அட்டையைத் தேடுவதில்லை. ஆனால் முப்பது என்ற எண்ணை ஏற்க மாட்டேன். திரையில் முப்பது செய்யும்போது பெரும்பாலும் ஒன்றையே முப்பது முறை இழுத்து நீட்டுகிறோம். மென்பொருள் கேட்கும் முதல் எண்ணே நீளம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்பதுதான். இன்னும் முடிவெடுக்காதவரிடம் அது முடிவைக் கேட்கிறது. கிழித்த அட்டைத் துண்டு அப்படிக் கேட்பதில்லை.

திரையில் அளவும் தொலைந்துபோகிறது. சக்கரத்தை உருட்டினால் கட்டடம் பெரிதாகும், இன்னும் உருட்டினால் சிறிதாகும். மேசை மேல் இருக்கும் மாடலுக்கு ஒரே அளவுதான். நாம்தான் குனிய வேண்டும், எழ வேண்டும், சுற்றி வர வேண்டும். 1:200 மாடலில் 1.7 மீட்டர் மனிதர் எட்டரை மி.மீ. உயரம் இருப்பார். அவரை முதலில் வெட்டி நிலத்தில் நிறுத்திவிட்டுத்தான் நான் கட்டடத்தைத் தொடுகிறேன். அவரை எடுத்துவிட்டால் அடுத்த நிமிடமே என் கூரை உயரம் தவறிவிடுகிறது. இத்தனை ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகும் இப்படித்தான்.

பொருள் தானாகச் சொல்லும் செய்தி என்றும் ஒன்று உண்டு. 1922இல் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ கண்ணாடியாலான உயர்மாடிக் கட்டடம் ஒன்றின் கருத்துருவைச் செய்தார். உண்மையான கண்ணாடியில் மாடல் செய்து பார்த்தபோதுதான், அங்கே முக்கியமானது சாதாரணக் கட்டடங்களில் இருக்கும் ஒளி நிழல் விளையாட்டு அல்ல, பிரதிபலிப்புகளின் விளையாட்டு என்று கண்டுகொண்டதாக அவரே எழுதினார். அந்தத் தளப்படத்தின் வளைவுகள் அப்படி அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவர் கண்ணாடியைத் தேடிப் போகாமல் தாளில் மட்டும் வரைந்திருந்தால் நிழல்களைத்தான் வரைந்துகொண்டிருந்திருப்பார்.

தாங்குதூண் | திங்கள், இரவு 8.20

நான் கட்டமைப்புப் பொறியாளர். கட்டடக் கலைஞர்களின் மாடல்களை மேசையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கவலை வரும். "மாடல் நிற்கிறது, எனவே கட்டடமும் நிற்கும்" என்று மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் எதை மாடலில் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது இதில்தான் இருக்கிறது.

1:100 மாடலை அதே பொருளில் நூறு மடங்கு பெரிதாக்குவதாக வைத்துக்கொள்வோம். தூணின் குறுக்குவெட்டுப் பரப்பு பத்தாயிரம் மடங்காகும். எடை பத்து லட்சம் மடங்காகும். ஆக, தூணின் ஒவ்வொரு சதுர மி.மீட்டரும் முன்பைவிட நூறு மடங்கு சுமக்க வேண்டும். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலேயே இது இருக்கிறது. பெரிய விலங்கின் எலும்பு சிறிய விலங்கின் எலும்பை நீட்டியதாக மட்டும் இருக்க முடியாது, விகிதத்தை மீறித் தடித்தாக வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார். உங்கள் மவுண்ட் போர்டு கூரை தூணில்லாமல் இருபது செ.மீ. தாண்டி நிற்பது, உண்மையில் இருபது மீட்டர் தாண்டி நிற்கும் என்பதற்குச் சான்றாகாது.

ஆனால் எல்லாமே இப்படி மாறுவதில்லை. தொங்கும் சங்கிலியின் வடிவம் அளவைப் பொறுத்ததல்ல. சிறிய சங்கிலியும் பெரிய சங்கிலியும் ஒரே விகிதத்தில் தொங்கினால் ஒரே வளைவுதான். ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1675இல் இதை எழுத்துகளை இடம் மாற்றிய புதிராக வெளியிட்டார்: வளையும் கயிறு எப்படித் தொங்குகிறதோ, அதைத் தலைகீழாக்கினால் உறுதியான வளைவு அப்படி நிற்கும். ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் கவ்தி பார்சலோனாவுக்கு அருகே கொலோனியா குவெல் தேவாலயத்துக்காக 1:10 அளவில் கயிறுகளைத் தொங்கவிட்டு, ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகளை எடைக்காக அவற்றில் கட்டி, சுமார் பத்து ஆண்டுகள் அந்த மாடலோடு உழைத்தார். அதைப் புகைப்படம் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் கட்டடம் தெரியும். 1908இல் கட்டத் தொடங்கினார்கள், 1914இல் பணி நின்றது. கீழ்த்தளம் மட்டும்தான் எழுந்தது. அந்த மாடலை நான் மிகவும் மதிக்கிறேன். பார்ப்பவருக்கு அது அழகான பொருளாகத் தெரியலாம். அவருக்கு அது கணக்குப் போடும் கருவி. ஒரு பையின் எடையை மாற்றினால் எல்லாக் கயிறுகளும் இடம் மாறிப் புதிய விடை தரும்.

சரிவுநிலம், உங்களுக்கு நேரடியாக ஒன்று. சமவுயரக் கோட்டை ஒட்டிச் சுவர் வைத்தால் அது மண்ணைத் தாங்கும் சுவர். மண்ணின் அழுத்தமும் அதன் பின்னால் தேங்கும் மழைநீரின் அழுத்தமும் அதன் மேல் வரும். சரிவோடு இறங்கும் சுவர்களுக்கு இடையில் நீர் தன் வழியில் போய்விடும். ஐயா சொன்ன அந்த இரண்டு மாடல்களையும் செய்யும்போது மேலிருந்து ஒரு கைப்பிடி மணலைத் தூவிப் பாருங்கள். நீரின் ஓட்டத்தை அது துல்லியமாகக் காட்டாது, ஆனால் எந்தச் சுவரின் பின்னால் குவியப்போகிறது என்பது தெரிந்துவிடும்.

சரிவுநிலம் | திங்கள், இரவு 11.30

எல்லோருக்கும் நன்றி. நிலத்தை அடுக்கிக்கொண்டிருக்கிறேன், நான்காவது அடுக்கு. ஒரு கேள்வி: இருபதும் 1:200 அளவிலேயே இருக்கலாமா?

எஃகு அளவுகோல் | செவ்வாய், காலை 6.15

வேண்டாம். முதல் ஆறேழு 1:500 அளவில் இருக்கட்டும். உள்ளங்கையில் அடங்கும் கனத்துண்டுகள், உள்ளே எதுவும் இல்லாதவை. அதற்குத் தனியாக ஒரு சிறு நிலம் செய்துகொள்ளுங்கள்; 1 மி.மீ. அட்டை அங்கே அரை மீட்டர், பன்னிரண்டு அடுக்கு, ஒரு மணி நேர வேலை. பிறகு 1:200 அளவில் இடங்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்று பாருங்கள். கடைசியில் ஒரே ஓர் அறையை மட்டும் 1:50 அளவில். அளவு மாறும்போது கேள்வியும் மாறியாக வேண்டும். 1:500 அளவில் சாளரத்தைப் பற்றி யோசிக்கவே கூடாது, 1:50 அளவில் மரங்களுக்கு மேல்பக்கமா கீழ்பக்கமா என்று திரும்ப ஆரம்பிக்கவும் கூடாது.

வடக்கு வெளிச்சம் | செவ்வாய், காலை 10.00

அந்த 1:50 அறையைப் பற்றி நான் எழுதுகிறேன், அதுதான் எனக்குப் பிடித்த வேலை.

தாங்குதூண் சொன்ன பட்டியலில் வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் அளவால் மாறுவதில்லை. திறப்புகளின் வடிவமும் பரப்புகளின் நிறமும் சரியாக இருந்தால், கட்டடத்துக்குள் பகல் வெளிச்சம் எப்படிப் பரவுமோ அப்படியே மாடலுக்குள்ளும் பரவும். ஒலியையும் காற்றையும் வெப்பத்தையும் இப்படி நம்ப முடியாது. வெளிச்சத்தை நம்பலாம்.

ஆனால் அட்டை ஏமாற்றும். ஃபோம் போர்டு வெளிச்சத்தை ஊடுருவ விடும். மூலைகளின் இடுக்குகள் மயிரிழை அளவு திறந்திருந்தாலும், 1:50 அளவில் அது அரை செ.மீ. வரை பிளவு. வெளிப்புறம் முழுக்கக் கறுப்புத் தாள் சுற்றி, ஒவ்வொரு மூலையிலும் கறுப்பு டேப் ஒட்டுங்கள். உள்ளே தரை அடர்நிறமாக இருக்கப்போகிறது என்றால் அடர்நிறத் தாளை விரியுங்கள். எல்லாம் வெள்ளையாகச் செய்தால் எந்த அறையும் சொர்க்கம்போலத் தெரியும். மாணவர்களின் வெள்ளை மாடல்களைப் பார்த்து வெளிச்சத்தைப் பாராட்டுகிறவர்கள்மீது எனக்கு வருத்தம் உண்டு.

கூரையைத் தனியாகக் கழற்றும்படி வையுங்கள். ஒரே அறைக்கு நான்கு கூரைகள் செய்தால் நான்கு மாடல்களாகிவிடும்: உச்சியில் நீளத் திறப்பு, ஒரு பக்கம் உயர்ந்த சாளரம், சிதறிய சிறு துளைகள், எதுவும் இல்லாத கூரையோடு பக்கச் சாளரம் மட்டும். உட்கார்ந்து படிப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர், 1:50 அளவில் 24 மி.மீ. அந்த உயரத்தில் சுவரில் ஒரு துளை போட்டு அதன் வழியே பாருங்கள், படமும் எடுங்கள். கைபேசியை நேராகப் பிடித்தால் லென்ஸ் மேலே போய்விடும். தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையருகே வரும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் பல ஆண்டுகள் பறவையின் கண்ணால் என் அறைகளைப் படமெடுத்திருக்கிறேன்.

வெயில் வேண்டுமென்றால் மேசை விளக்கை நம்பாதீர்கள். பக்கத்தில் இருக்கும் விளக்கின் கதிர்கள் விரிந்து போகும், நிழல்களும் விரியும். மாடலை வெளியே எடுத்துப்போங்கள். உங்கள் நிலத்தின் அட்சரேகைக்கான சூரியக் கடிகாரப் படம் ஒன்றை அச்சிட்டு அடித்தட்டில் ஒட்டி, அதன் குச்சியை நடுங்கள். குச்சியின் நிழல் முனை எந்த மாதத்தின் எந்த மணியைத் தொடும்படி அடித்தட்டைச் சாய்க்கிறீர்களோ, அந்த நேரத்தின் வெயில் அறைக்குள் விழும்.

திரைவழி | செவ்வாய், மதியம் 12.45

சூரியக் கடிகாரத்தை நான் மறந்தே போயிருந்தேன். வெளிச்சத்தைக் கண்ணால் பார்ப்பதில் உங்கள் பக்கம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். திரையில் வரும் படம் எப்படிப் பிரகாசமாகத் தெரிகிறது என்பது நாம் வைத்த அமைப்புகளையும் பொறுத்தது. கண்ணை அந்தப் படத்துக்குப் பழக்கிக்கொண்டால் ஏமாறுவோம்.

ஆனாலும் சரிவுநிலத்துக்கு என் ஆலோசனை இது: ஒவ்வொரு நாள் இரவும், அன்று செய்தவற்றில் தேறிய ஒன்றை அளந்து மென்பொருளில் ஏற்றுங்கள். கையால் வெட்டியது எப்போதும் இடத்தைப் பெரிதாகக் காட்டும். புத்தக அடுக்குகளையும் அவற்றுக்கிடையே நடக்கும் இடத்தையும் வைத்துப் பார்த்தால் பாதி மாடல்கள் கொள்ளாது. அதை ஏழாம் நாளில் கண்டுபிடிப்பதைவிட இரண்டாம் நாளில் கண்டுபிடிப்பது நல்லது.

எஃகு அளவுகோல் | செவ்வாய், மதியம் 2.10

திரைவழி சொன்னதை அப்படியே செய்யுங்கள்.

பழைய மாடலை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள், அதை விட்டுவிட்டேன். போடாதீர்கள். அலமாரியில் வையுங்கள். போர்த்துகலின் போர்ட்டோ நகரில் 2005இல் திறக்கப்பட்ட காஸா டா மூசிக்கா இசையரங்கின் வடிவம், கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸின் ஓஎம்ஏ அலுவலகம் முதலில் ஒரு வீட்டுக்காகச் செய்த வடிவம். வீடு கட்டப்படவில்லை. இசையரங்குப் போட்டி வந்தபோது அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். வீட்டின் நடுவில் குடும்பம் கூடுவதற்காகக் குடைந்து எடுத்த வெற்றிடம் அரங்கமாயிற்று.

தாங்குதூண் | செவ்வாய், மாலை 6.30

ஐயா, நேற்று இரவு முழுக்கப் "பெரிதாக்கினால் நிற்காது" என்று எழுதியவன் நான். அந்த வடிவம் பெரிதானபோது வடிவம் மட்டும்தான் போனது. கட்டமைப்பைப் பொறியாளர்கள் புதிதாகச் செய்தார்கள். மாணவர்கள் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எஃகு அளவுகோல் | செவ்வாய், மாலை 7.00

முழுமையாக ஏற்கிறேன்.

பசைவிரல் | செவ்வாய், இரவு 9.40

நான்கு இரவு மாடலை நினைத்து வருந்துகிறவருக்கு இன்னும் பெரிய வருத்தம் ஒன்றைச் சொல்கிறேன். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக்காக 1673-74இல் செய்வித்த மாபெரும் மாடல் இன்றும் அங்கே இருக்கிறது. ஓக் மரமும் சுண்ணச்சாந்தும் கொண்டு செய்தது, ஆறு மீட்டருக்கு மேல் நீளம், ஆள் உள்ளே நுழைந்து நின்று உட்புறத்தைப் பார்க்கலாம். அந்த வடிவமைப்பு ஏற்கப்படவில்லை. அதன் பிறகு இனி மாடல் செய்து பொதுவில் காட்டுவதில்லை என்று ரென் முடிவு செய்ததாகக் குடும்ப வரலாறு சொல்கிறது. 1675இல் வேறொரு வடிவமைப்போடுதான் பணி தொடங்கியது. ஆய்வுக்காகச் செய்ததல்ல அது, ஒப்புதல் வாங்கச் செய்தது. நீங்களும் உங்கள் வெள்ளை மாடலை ஒப்புதல் வாங்கத்தான் எடுத்துப்போனீர்கள் என்று நினைக்கிறேன். மனம் உடையாதீர்கள்.

சரிவுநிலம் | வெள்ளி, இரவு 10.50

பதினான்கு முடிந்திருக்கின்றன. நடந்ததைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது.

முதல் ஏழும் 1:500 கனத்துண்டுகள், ஒரே மாலையில் முடித்தேன். அவற்றில் நான்கு எதற்கும் உதவவில்லை. சுவர்கள் பற்றிய இரண்டையும் 1:200 அளவில் செய்து மணலைத் தூவினேன். சரிவின் குறுக்கே ஓடிய சுவருக்குப் பின்னால், நான் குழந்தைகள் பகுதி என்று குறித்து வைத்திருந்த இடத்திலேயே குவிந்தது. சரிவோடு இறங்கும் சுவர்களில் மணல் வழிந்து கீழ் எல்லைக்குப் போனது. இப்போது மூன்று நீளச் சுவர்கள் சரிவோடு இறங்குகின்றன, இடையில் உள்ளவை அறைகள். மரங்கள் இரண்டும் நடு இடைவெளியில் நிற்கின்றன.

பெரிய விஷயம் இன்னொன்று. வடக்கு வெளிச்சம் சொன்ன எட்டரை மி.மீ. மனிதரை வெட்டி மேல் சாலையில் நிறுத்தினேன். மேசைக்கு முன்னால் முழங்காலிட்டு, அவர் தலைக்குப் பின்னால் என் கண்ணை வைத்துப் பார்த்தேன். எனக்கு முன்னால் கூரை மட்டும்தான் இருந்தது. கட்டடம் நான்கு மீட்டர், நிலம் ஆறு மீட்டர் இறங்குகிறது. சாலையில் நடப்பவர் கூரையை மேலிருந்து பார்க்கிறார். நான் நான்கு இரவு சாளரம் ஒட்டிய அந்த முகப்பை, கீழ் எல்லைக்குப் போய்த் திரும்பி நின்றால்தான் ஒருவர் பார்க்க முடியும். இத்தனை நாளும் கூரைக்கென்று நான் ஒரு கோடுகூட வரைந்ததில்லை. அது வெறும் வெள்ளை அட்டை, நீர்த்தொட்டியைக்கூட அதன் மேல்தான் வைத்திருந்தேன். பதினொன்று முதல் பதினான்கு வரை எல்லாமே கூரை பற்றிய மாடல்கள்தான்.

திரைவழி, நீங்கள் சொன்னபடி அளந்து ஏற்றினேன். நடு அறையில் அடுக்குகள் வைத்தால் நடக்க இடமில்லை. ஒரு சுவரை ஒன்றரை மீட்டர் தள்ளினேன். நன்றி.

இப்போது 1:50 அறைக்கு வந்திருக்கிறேன். வாசிப்புக் கூடத்தின் கூரைத் திறப்புக்கு மேலே மரக்கிளை வருகிறது. இலைகளின் வழியே விழும் அந்தப் புள்ளி வெளிச்சம் மேசைகளில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். மாடலை ஓர் உண்மையான மரத்தடியில் கொண்டுபோய் வைத்தால் போதுமா?

வடக்கு வெளிச்சம் | சனி, காலை 7.20

கூரையைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மதிப்பாய்வில் ஆசிரியரையும் முழங்காலிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

மரத்தடி வேண்டாம், அங்கே தவறான விடை வரும். இலைகளுக்கு நடுவே தரையில் விழும் வட்டங்கள் இலை இடுக்குகளின் வடிவங்கள் அல்ல, சூரியனின் பிம்பங்கள். சிறு இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராபோல வேலை செய்கிறது. பிம்பத்தின் குறுக்களவு, துளையிலிருந்து அது விழும் பரப்பு வரையுள்ள தூரத்தில் ஏறக்குறைய 108இல் ஒரு பங்கு. பத்து மீட்டர் உயரக் கிளையிலிருந்து வரும் வட்டம் சுமார் 9 செ.மீ. உங்கள் 1:50 மாடலில் அது நாலரை மீட்டர் வட்டமாகிவிடும், ஒரு மேசைக்கு மேல் ஒரே வெளிச்சத் திட்டு.

கிளையையும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பத்து மீட்டர் என்பது 1:50 அளவில் 20 செ.மீ. கறுப்புத் தாளில் மெல்லிய ஊசியால், அரை மி.மீட்டருக்கு மிகாமல், ஒழுங்கில்லாமல் நெருக்கியும் கலைத்தும் துளையிட்டு, மாடலின் தரைக்கு மேல் 20 செ.மீ. உயரத்தில் பிடியுங்கள். நேர்வெயிலில் வட்டங்கள் 2 மி.மீ. அளவில் விழும், 50ஆல் பெருக்கினால் 10 செ.மீ., உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வானில் சூரியனின் கோணம் உங்கள் மாடலுக்கும் கட்டடத்துக்கும் ஒன்றுதான், அதனால்தான் இது பொருந்துகிறது. விளக்கின் அடியில் செய்தால் பொருந்தாது. தாளை லேசாக அசைத்தும் பாருங்கள். காற்றடிக்கும் நாளில் அந்த மேசையில் உட்கார்ந்து ஒருவரால் படிக்க முடியுமா என்பது அப்போதுதான் தெரியும்.

சரிவுநிலம் | சனி, காலை 11.35

மொட்டை மாடியில்தான் இருக்கிறேன். தாளை அசையாமல் பிடித்தபோது மிக அழகாக இருந்தது, படமும் எடுத்தேன். அசைத்ததும் இரண்டு நிமிடத்தில் கண் கூசிவிட்டது. மேசைகளைச் சுவரோரம் தள்ளி, திறப்புக்கு நேர் கீழே நடைபாதையைக் கொண்டுவந்து பதினைந்தாவதைச் செய்யப்போகிறேன்.